களிமண் கரையில் கொடுத்த வாக்கு

2010 அக்டோபர் 4, திங்கள்

காலையில் பார்த்தால் கோழிக்கூட்டைக் காணோம். கோழிகளை ஆகஸ்டிலேயே பக்கத்தில் சக்கர வீடுகளை வாடகைக்கு விடும் கேரவன் பூங்கா கெய்த்திடம் கொடுத்துவிட்டேன், நல்லவேளை. வெறும் கூடுதான் போயிற்று. கடல் அரித்துத் தின்னும் எங்கள் களிமண் மேட்டுக்குக் கீழே, கடற்கரையில் தலைகுப்புறக் கிடக்கிறது, கதவைத் திறந்துகொண்டு.

"என்ன சத்தம் புள்ள?" என்றான் வில்ஃப்.

"காத்து."

பக்கவாதம் வந்ததிலிருந்து என் புருஷனுக்கு இடது பக்கம் கிடையாது, வாயும் பாதிதான். காது மட்டும் நாய்க்காது. படுக்கையைச் சமையலறைக்குப் பின்னால், வயலைப் பார்த்த அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கிருந்து கடல் தெரியாது. அரித்தது போகக் கரையின் விளிம்பு இன்று எங்கே இருக்கிறது என்று நான் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். நான் அவனிடம் சொல்வதில் கோழிக்கூடு இன்னும் நிற்கிறது. துணிக்கொடிக் கம்பம் நிற்கிறது. வேலியும், வேலிக்கு அப்பால் அவன் அப்பா உழுத துண்டு நிலமும்கூட அப்படியே இருக்கின்றன. இவ்வளவு நிலத்தையும் ஒருத்தியாக நின்று காப்பாற்றி வருகிறேன்.

அக்டோபர் 7, வியாழன்

கவுன்சில் ஆள் வந்தார். வசந்தத்துக்குள் காலி செய்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அவர்களே வந்து இடிப்பார்களாம். பாவம், நல்ல பையன். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினான். "இது சும்மா களிமண்ணுங்க, பாறை இல்ல. நிறுத்த முடியாது" என்றான். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவளிடம் வந்து சொல்கிறான்.

அவன் போன பிறகு நர்ஸ் பெவ் வந்தாள், வில்ஃபின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்ற. வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள், "எத்தனை நாளைக்கு ஏவ்ரில் இப்படியே?"

"அவன் இருக்கற வரைக்கும்."

"இல்ல, வீடு இருக்கற வரைக்கும்னு சொல்லு."

இரண்டு வருடம் முன்பு ஹல் நகர ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த அன்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நல்ல கை அது ஒன்றுதான், பிடித்தால் வலிக்கும். "இனி என்ன எங்கயும் தூக்கிட்டுப் போகாத. இங்கயே முடியட்டும். சொல்லு." சொன்னேன். எங்கள் சபையில் சத்தியம் செய்வது தப்பு, சொன்னால் சொன்னதுதான்.

ஆக, வீடு முந்துமா அவன் முந்துவானா என்பதுதான் இப்போது என் பிழைப்பு. காலையில் எழுந்ததும் அவன் மூச்சைக் கேட்கிறேன். பிறகு வெளியே போய்க் கரையைப் பார்க்கிறேன். எது முந்தவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் என்ன? வேறு யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எழுத மாட்டேன்.

அக்டோபர் 13, புதன்

நிலவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வருடா வருடம் வருவார்கள், மஞ்சள் தொப்பியும் சுத்தியலுமாக. நம் வீடு அவர்களுக்குப் பாடம்.

நான் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே கடற்கரையில் வாத்தியார் பேசுவதைக் கேட்டேன். பழைய கதைதான். பனிப்பாறை ஆறு ஒன்று நார்வேயிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கல்லையும் மண்ணையும் அரைத்து இழுத்துவந்து, இங்கே உருகிச் செத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிற்று. கீழே கறுத்த களிமண், மேலே சிவந்தது, நடுவில் நாடா மாதிரி மணல். அப்படியென்றால் வில்ஃபின் தாத்தா 'என் மண், என் மண்' என்று மார்தட்டியதெல்லாம் நார்வேக்காரன் மண். பனி கொண்டுவந்து போட்டது, கடல் எடுத்துப்போகிறது. நடுவில் நாங்கள் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டோம்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. "கடல் அடியைத்தான் அரிக்குது. ஆனா கரையைத் தள்ளிவிடறது மேலேருந்து வர தண்ணி." கையை நீட்டிக் காட்டினார். எங்கள் வயலின் வடிகால் குழாய்கள் மூன்று, வில்ஃபும் அவன் அப்பாவும் புதைத்த சுட்ட மண் குழாய்கள், கரையின் முகத்தில் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் வயலுக்கு அடியில் ஓடினவை. இப்போது எங்கள் வண்டிப்பாதைக்குக் கீழே வந்து, அந்தரத்தில் முடிகின்றன. மூன்றும் ஒழுகின. ஒழுகின இடமெல்லாம் களிமண் கரைந்து வாய்க்கால் விழுந்திருந்தது.

ஒரு பெண் கேட்டாள், "மேல இருக்கற வீட்ல யாராவது இருக்காங்களா சார்?"

"இருக்கமாட்டாங்க."

"இருக்கோம்!" என்று கத்தினேன். மஞ்சள் தொப்பியெல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்து பார்த்தன. இந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அக்டோபர் 16, சனி

அடைத்துவிட்டேன்.

கடல் வற்றியிருந்த நேரத்தில் இறங்கினேன். சரிந்து கிடந்த மண்குவியல் மேல் ஏறினால் குழாய் எட்டுகிறது. பழைய திரைச்சீலையைக் கிழித்து, துணிக்கொடிக் கோலால் உள்ளே குத்தி, மேலே பிசைந்த களிமண் வைத்து அறைந்து மூடினேன். அறுபத்திரண்டு வயதில் மண்ணில் விளையாட்டு. இடுப்பு உடைந்துவிட்டது. பூட்ஸ் ஒன்று மண்ணில் மாட்டி, அதை உருவி எடுக்கவே பெரும்பாடாகிவிட்டது.

வில்ஃபிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் பாதை விளிம்புக்கு வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிடும். அப்புறம் கம்பம், வேலி, கோழிக்கூடு எல்லாமே பொய்யென்று ஆகிவிடும்.

அக்டோபர் 24, ஞாயிறு

கரையின் முகம் காய்ந்துவிட்டது! ஒரு சொட்டு இல்லை. எட்டு நாளாக ஒரு கைப்பிடி மண்கூட விழவில்லை. சபையில் பாட்டுக்கு வாயைத் திறந்து பாடினேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

நவம்பர் 5, வெள்ளி

இங்கே வருடந்தோறும் இந்த ராத்திரி வழக்கப்படி, கெய்த்தின் பூங்காவில் நெருப்பு மூட்டிப் பட்டாசு. பூங்காவில் கடல் பக்க வரிசை ஒவ்வொரு வருடமும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் கடைசி வரிசைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான், யாரும் அழுவதில்லை. வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் அழவேண்டியதில்லை.

கெய்த் இஞ்சிக் கேக் கொடுத்தனுப்பினான். தேநீரில் ஊறவைத்து வில்ஃபுக்கு ஊட்டினேன். இரண்டு துண்டு தின்றான். "இன்னும் இருக்கா?" என்றான். இன்னும் பத்து வருடம் இருப்பான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன.

நவம்பர் 29, திங்கள்

பனி. முழங்கால் வரை. பெவ் பாதை முனையில் காரை விட்டுவிட்டு நடந்து வந்தாள்.

டிசம்பர் 12, ஞாயிறு

பனி உருகுவதாக இல்லை. வயலின் தாழ்ந்த மூலையில் பெரிய கண்ணாடி விரித்தது போல உறைந்து கிடக்கிறது. அவன் ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க... தண்ணி நிக்குதே புள்ள."

"பனி பெஞ்சிருக்கு, நிக்காம என்ன செய்யும்?"

"முன்ன நின்னதில்ல. குழா... ஓடலையா?"

"உறைஞ்சிருக்கும் வில்ஃப்."

"உள்ள உறையாது. ஆழம்." கண்ணை மூடிக்கொண்டான். பேசினால் களைப்பாகிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, "கெய்த்த பார்க்கச் சொல்லு" என்றான்.

சரி என்றேன். சொல்லவில்லை.

டிசம்பர் 25, சனி

லீட்ஸிலிருந்து மகள் லோரெய்ன் வர முடியவில்லை, ரோடு மூடல். போனில் அழுதாள். "அம்மா, புது வருஷத்துல வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன். பிடிவாதம் பிடிக்காத." அப்பாவைக் கேள் என்றேன். அவன் காதில் போனை வைத்தேன். "மாட்டேன்" என்று ஒரே வார்த்தை. அவ்வளவு தெளிவாக அவன் பேசி நாளாயிற்று.

பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும் தின்றோம். ராணியின் கிறிஸ்துமஸ் உரை டிவியில் வந்தபோது தூங்கிப்போனான்.

டிசம்பர் 28, செவ்வாய்

உருக ஆரம்பித்துவிட்டது. எங்கும் சொட்டுச் சத்தம். கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.

டிசம்பர் 29, புதன்

பாதை போய்விட்டது.

காலை தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, யாரோ பெரிய மூட்டையை இறக்கிவைத்தது போல. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூட்டத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் காலடியில் தெரிந்தது. கெய்த்தின் பூங்காவிலிருந்து எங்கள் வாசல் வரை வரும் பாதை, ஓரத்து வேலியோடும் வயலின் ஒரு கடியோடும், ஒரே துண்டாகச் சறுக்கிக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. புல்கூடக் கலையவில்லை. வீட்டைத் தொடவில்லை. வீட்டை விட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியை எடுத்துப்போயிருக்கிறது. வெட்டுமுகத்தில் மணல் நாடாவிலிருந்து தண்ணீர் குபுகுபு என்று கொட்டிக்கொண்டிருந்தது, யாரோ குழாயைத் திறந்துவிட்டது மாதிரி. எத்தனை வாரத் தண்ணீர்!

வெளியே போக விடாமல் நான்தானே அடைத்தேன். அது வேறு எங்கே போகும்? மணலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐயோ, இது தெரியாதா எனக்கு? விவசாயி பொண்டாட்டி நான். தெரியலையே! தெரியலையே!

கெய்த் கடற்கரை வழியாக வந்து மேலே ஏறினான். கையில் உடைந்த குழாய்த் துண்டு, அதற்குள் என் ஆரஞ்சுத் திரைச்சீலை.

"ஏவ்ரில் கண்ணு, இத நீயா செஞ்ச?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"வில்ஃப கேட்டிருக்கலாமே. கெணத்துத் தவள மாதிரி உள்ள கெடந்தாலும் அந்தாளுக்கு ஒவ்வொரு குழாயும் தெரியுமே."

கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முன்னால் எத்தனை பொய்யை வாபஸ் வாங்க வேண்டியிருந்தது!

குழாய்த் துண்டை அவன் கடலில் வீசிவிட்டான். "நான் பாக்கல. போதுமா? இப்ப இத கேளு. இன்னிக்கே டிராக்டர்ல ட்ரெய்லர் பூட்டி வயல் வழியா வரேன். மெத்தையோட தூக்கி வச்சிடலாம். இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா வயலும் கூழாயிடும்."

வில்ஃபிடம் கடைசியில் சொன்னேன். பாதை போனது மட்டும். குழாயைச் சொல்லவில்லை. அவன் கெய்த்தைப் பார்த்து நல்ல கையை ஆட்டினான். "மாட்டேன். இவ... வாக்கு குடுத்திருக்கா."

கெய்த் என்னைப் பார்த்தான். நான் வாக்குக் கொடுத்தவள் என்றேன். பெருமையாகச் சொன்னேனா? அப்படித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 30

வில்ஃப்

2011 ஜனவரி 2, ஞாயிறு

லோரெய்ன் தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எல்லோரும் சொல்வதையே நானும் நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

வியாழன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு இரைத்தது. முகம் களிமண் நிறமாகிவிட்டது. தலையணையை உயர்த்தினேன், நெஞ்சைத் தடவினேன். இதுதான் அது, அவன் கேட்டது இதுதான், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பைபிளைக்கூட எடுத்துவிட்டேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அதே பிடி.

"வண்டி கூப்பிடு."

"என்ன வில்ஃப்?"

"ஆம்புலன்ஸ். கூப்பிடு புள்ள. எனக்கு... போகணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

புரியாமல் இல்லை எனக்கு. நன்றாகப் புரிந்தது. தெளிவாகத்தான் சொன்னான். சாக வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். யாருக்குத்தான் தோன்றாது? ரெண்டு துண்டு கேக் தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்ட மனுஷன்.

கூப்பிட்டேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, கெய்த்தின் வாசல் வரை. அதற்கப்பால் வழி இல்லை. ஹெலிகாப்டர் மூட்டத்தில் இறங்காது என்றார்கள். கெய்த்தை அழைத்தேன். டிராக்டரில் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வயலில் இறங்கினான். தாழ்ந்த மூலையில், கண்ணாடி மாதிரி கிடந்ததே அங்கே, டிராக்டர் அச்சு வரை புதைந்துவிட்டது. குழாய் ஓடியிருந்தால் அந்த மூலை எப்போதும்போலக் காய்ந்திருக்கும். ஜன்னலிலிருந்து எனக்கு இஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது. உருவம் தெரியவில்லை. கெய்த்தின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன், அவன் எடுத்து "நடந்து வராங்க கண்ணு, நடந்து வராங்க" என்று கத்திக்கொண்டே இருந்தான். மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தொடை வரை சேற்றில் வந்தார்களாம்.

வில்ஃப் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "வருதா?" என்று கேட்டான். வருது என்றேன். "வருதா?" வருது வில்ஃப், வயல்ல இருக்காங்க. மூன்றாவது முறை வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவர்கள் உள்ளே வந்தபோது நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மண் அப்பிய ஒரு பையன் மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தினான், அழுத்தினான், வெகுநேரம் அழுத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "வீட்லயே, நீங்க பக்கத்துல இருக்க, நிம்மதியா போயிருக்காரும்மா" என்றான்.

நிம்மதியா!

ஜனவரி 11, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. உள்ளூர்க் கல்லறையில் இப்போது யாரையும் புதைப்பதில்லை, கடலுக்கு மிக அருகில். உள்நாட்டில் எங்கோ ஒரு மேட்டில் வைத்துவிட்டு வந்தோம். அங்கே அவனுக்கு ஒருவரையும் தெரியாது.

அடக்க விருந்தில் ஹாம் கறி நன்றாக இருந்தது என்றார்கள். சபைக் கூடம் நிறையக் கூட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் என் கையைப் பிடித்து ஒரே வசனம். "அவர் ஆசைப்பட்டபடியே போயிட்டார்." "உன்ன மாதிரி யாரு செய்வா?" போதகர் பிரசங்கத்திலும் சொல்லிவிட்டார், சொன்ன சொல்லைக் காத்த மனைவி என்று. பத்திரிகையில் லோரெய்ன் போட்ட வரியும் அதுதான்: 'தன் விருப்பப்படி, தன் வீட்டில்.' மகளிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்பா இன்னொரு முறை சாவான்.

தலையாட்டினேன். நாள் முழுக்கத் தலையாட்டினேன். கெய்த் மட்டும் பின்னால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஜனவரி 23, ஞாயிறு

நான் லீட்ஸுக்குப் போகவில்லை. கெய்த்தின் கடைசி வரிசைக் கேரவனில் இருக்கிறேன். குளிர்காலத்தில் பூங்காவில் வேறு யாரும் இல்லை. நல்லது.

இன்று நிலக்கரி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றான். "உன்ன நீயே தின்னுக்காத கண்ணு. அந்தப் பாதை எப்படியும் போயிருக்கும். இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷம் போயிருந்தா போதுமே கெய்த்."

நிலக்கரியைக் கொட்டிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 15, செவ்வாய்

வீட்டை இடித்துவிட்டார்கள். போய்ப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 26, சனி

இன்று முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்து என்ன செய்ய?

மார்ச் 9, புதன்

பெவ் வந்து கோட்டை எடுத்து நீட்டினாள். "கெளம்பு. உன்னால ஒரு உதவி."

தெற்கே அடுத்த ஊரில் ஷீலா என்று ஒருத்தி. புருஷன் டென்னிஸுக்குப் புற்றுநோய். கரை விளிம்பில் சின்ன வீடு. அவருக்கும் வீட்டைவிட்டு நகர மனமில்லையாம், இவளும் வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். இரவில் தூங்குவதில்லையாம். "நீ வந்து பேசினா தெம்பா இருக்கும் ஏவ்ரில். நீ செஞ்சு காட்டினவ" என்றாள் பெவ். காரிலிருந்து குதித்துவிடலாமா என்று தோன்றியது.

ஷீலா கேக்கெல்லாம் செய்து வைத்திருந்தாள். பெவ் மருந்து கொடுக்க உள்ளே போய்விட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேலி பாதி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஷீலா அதைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்படித் திரும்பி உட்காருவது எனக்குத் தெரியும்.

"உனக்கென்ன, நீ கடைசி வரைக்கும் நின்னுட்ட" என்றாள். "எனக்கு அந்த தைரியம் வருமான்னு தெரியல. சொல்லேன், எப்படி இருந்த?"

வழக்கம்போல் தலையாட்டியிருக்கலாம். கேக் வாயில் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"அவன் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னான், ஷீலா. போகணும்னு சொன்னான். வண்டி வர்ற பாதைய நானே போக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால சொன்னதப் பிடிச்சிட்டுத் தொங்கினேன். அப்புறம் ஒரு நாள்கூட அவன கேக்கல. கேட்டா கரை எங்க இருக்குன்னு சொல்லணுமே, அதனால கேக்கல. முந்தின நாள் கெய்த் வந்து ட்ரெய்லர்ல மெத்தையோட தூக்கிடறேன்னான், அப்பவும் வாக்கு வாக்குன்னேன். நீ கேளு. உண்மைய சொல்லிட்டுக் கேளு. நாளைக்கும் கேளு."

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஏன் இதெல்லாம் என்கிட்ட சொல்ற? நீ எனக்கு தெம்பு சொல்ல வந்தியா, இல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளறைக்குப் போனாள். பெவ் வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

பெவ் என்னைப் பார்த்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முழங்கால் மேல் கையை வைத்தாள். உள்ளே ஷீலா குரல் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் ஆண் குரல். என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. அவர் இருமினார். தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது.

ஷீலா வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் மேஜை மேல் பென்சிலைத் தேடினாள்.

"அந்த ட்ரெய்லர்காரர்," என்றாள். "மெத்தையோட தூக்குவேன்னாரே, அவர் நம்பர் இருக்கா உன்கிட்ட?"

மனப்பாடமாக இருக்கிறது. சொன்னேன், எழுதிக்கொண்டாள்.